ரயில் பூச்சிக்கு மருந்து போடாதீர்கள்

குற்றாலத்தில் சாரல் கட்டிவிட்டால் எங்கள் தோட்டத்திலும் தரை காயாது. தென்காசிக்கு மேற்கே, மலையடிவாரத்தில் தென்னையும் மாவும் கலந்த தோட்டம். பணி ஓய்வுக்குப் பிறகு ரசாயன உரத்தை நிறுத்தி, மட்டை, ஓலை, சருகு எல்லாவற்றையும் மரத்தைச் சுற்றி மூடாக்காகப் போட ஆரம்பித்த மூன்றாவது வருஷம் அது. ஆனி மாதத்தில் ஒரு நாள் காலையில் மூடாக்கைக் கிளறினேன். உள்ளே நூற்றுக்கணக்கில் ரயில் பூச்சிகள். சிவப்பாய்ச் சில, கறுப்பாய்ச் சில, விரல் நீளத்தில் சில, தீக்குச்சி அளவில் பல. பார்த்ததும் உடம்பு கூசிப்போனது.

பக்கத்துத் தோட்டத்துக்காரர் வந்து பார்த்தார். "அண்ணாச்சி, இத இப்படியே விட்டா தென்னம்பிள்ளை வேரையெல்லாம் தின்னு தீத்துரும். ரெண்டு கிலோ குருணைய வாங்கித் தூவிருங்க. ஒரு தடவைதானே, ஒண்ணும் ஆகாது" என்று சொல்லிட்டுப் போனார்.

நானும் வாங்கித் தூவினேன். இந்த இதழில் எழுதிக்கொண்டு இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் மறைத்துவிட்டு மற்றதை மட்டும் எழுதுவது சரியாகாது.

மறுநாள் மூடாக்குக்கு மேலே ரயில் பூச்சிகள் வளையம் வளையமாகச் செத்துக் கிடந்தன. எறும்புகள், சிலந்திகள், பேர் தெரியாத குட்டிப் பூச்சிகள் எல்லாம் சேர்ந்தே செத்துக் கிடந்தன. வாங்கி வந்த குருணை கடைசி இரண்டு வரிசைக்குப் பற்றவில்லை. மறுபடி கடைக்குப் போகச் சோம்பல்பட்டு அப்படியே விட்டுவிட்டேன். எனக்குப் பாடம் சொன்னது அந்த இரண்டு வரிசைதான்.

அடுத்த சித்திரையில் புது மூடாக்கு போடுவதற்காகப் பார்த்தபோது, குருணை போட்ட வரிசைகளில் போன வருஷத்து ஓலை ஏறக்குறைய அப்படியே இருந்தது. நிறம் மாறியிருந்ததே தவிர ஓலை ஓலையாகத்தான் இருந்தது. மருந்து படாத இரண்டு வரிசையில் ஈர்க்கும் மட்டையின் அடித்துண்டும்தான் மிச்சம். கீழே கறுப்பாக, கடுகு கடுகாக மண். கையில் அள்ளினால் காட்டு வாசனை. இதை ஆய்வுக்கூடத்தில் யாரும் நிரூபித்துத் தரவில்லை. ஆனால் ஒரே தோட்டம், ஒரே மழை, ஒரே ஓலை. வித்தியாசம் அந்தக் குருணை ஒன்றுதான்.

அதற்குப் பிறகுதான் இந்தப் பூச்சி என்ன செய்கிறது என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்க, நான் கொன்றது காட்டையே நடத்துகிற ஒரு கூலியாளை என்று தெரிந்தது.

மரவட்டை யார்?

ரயில் பூச்சி, மரவட்டை, ஆயிரங்கால் அட்டை என்று ஊருக்கு ஒரு பேர். முதலில் பூரானையும் இதையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. பூரானுக்கு உடம்பின் ஒரு கணுவுக்கு ஒரு ஜோடிக் கால். தட்டையாக இருக்கும், வேகமாக ஓடும், மற்ற பூச்சிகளைப் பிடித்துத் தின்னும், நம்மையும் கடிக்கும். மரவட்டைக்கு முன்பக்கத்துச் சில கணுக்களைத் தவிர, கணுவுக்கு இரண்டு ஜோடிக் கால். மெதுவாக ஊரும். கடிக்கத் தெரியாது. தொட்டால் சுருண்டுகொள்வதுதான் அதற்குத் தெரிந்த தற்காப்பு.

இன்னொரு தற்காப்பும் உண்டு. பல இனங்கள் உடம்பின் பக்கவாட்டுத் துளைகள் வழியாக ஒரு திரவத்தைக் கசியவிடும். நம் தோட்டத்துச் சிவப்பு மரவட்டையைக் கையில் பிடித்தால் விரலில் பழுப்புக் கறை படியும், மூக்கைத் துளைக்கும் ஒரு வாடையும் வரும். கண்ணில் பட்டால் எரியும். தட்டை உடம்புள்ள சில இனங்கள் சயனைடு விஷத்தையே சிறு அளவில் வெளிவிடும். மனிதனுக்கு இதனால் பெரிய ஆபத்து இல்லை. தொட்டால் கையைக் கழுவிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

உலகத்தில் இதுவரை 12,000-க்கும் மேற்பட்ட மரவட்டை இனங்களுக்குப் பேர் வைத்திருக்கிறார்கள். தரையில் நடந்த முதல் உயிர்களில் மரவட்டையின் முன்னோர்களும் உண்டு. 40 கோடி வருஷத்துக்கும் முந்தைய பாறைகளில் அவற்றின் படிவங்கள் கிடைத்திருக்கின்றன. டைனோசர் வருவதற்கு வெகு காலம் முன்பே இது மட்கு தின்னும் வேலையில் இருந்திருக்கிறது.

ஆயிரங்கால் என்பது பல காலம் பேச்சுக்குச் சொன்னதுதான். கலிபோர்னியாவில் 750 கால் உள்ள ஓர் இனம் இருந்தது, அதுதான் பழைய சாதனை. 2020-இல் மேற்கு ஆஸ்திரேலியாவில் கனிமம் தேடிப் போட்ட ஆழ்துளையில், 60 மீட்டர் ஆழத்தில் இருந்து வெளிறிய நூல் போன்ற ஒன்றை எடுத்தார்கள். நீளம் பத்து சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, அகலம் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை, கால்களோ 1,306! இந்த இரண்டு இனமுமே பூஞ்சாணம் தின்னும் மரவட்டைக் கூட்டத்தைச் சேர்ந்தவை. அந்தக் கூட்டத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால், காட்டில் ஒரு இலை எப்படி மட்குகிறது என்பதைப் பார்த்துவிட வேண்டும்.

காட்டின் முடங்கிய வைப்புத்தொகை

வங்கியில் 30 வருஷத்துக்கு மேல் உட்கார்ந்தவனுக்கு எதைப் பார்த்தாலும் கணக்குதான் ஞாபகம் வரும். மரம் மண்ணிலிருந்து தழைச்சத்து, மணிச்சத்து, சுண்ணாம்புச்சத்து எல்லாம் எடுக்கிறது. இலையாக, கிளையாகக் கீழே போடுகிறது. போட்டது திரும்ப மண்ணுக்குள் போனால்தான் அடுத்த இலைக்கு வழி. போகாவிட்டால் சத்தெல்லாம் தரை மேலேயே முடங்கிய வைப்புத்தொகை மாதிரிக் கிடக்கும். பேரேட்டில் பணம் இருக்கும், ஆனால் எடுக்க முடியாது.

அந்தப் பூட்டின் பேர் லிக்னின். மரத்துக்கும் மட்டைக்கும் விறைப்பைக் கொடுக்கும் பொருள் அது. பெரும்பாலான உயிர்களால் லிக்னினைச் செரிக்க முடியாது. அதை முறையாக உடைக்கத் தெரிந்தவை சில பூஞ்சாணங்கள்தான். விழுந்த கட்டையைப் புரட்டினால் வெள்ளை நூல் மாதிரி, சில சமயம் வேர் மாதிரி படர்ந்திருக்குமே, அதுதான் பூஞ்சாண இழை. மழை பெய்தவுடன் மேலே முளைக்கும் காளான், அந்தப் பூஞ்சாணத்தின் பழம் மாதிரி. உண்மையான உடம்பு கட்டைக்குள்ளும் மண்ணுக்குள்ளும் இருக்கிறது.

பூஞ்சாணம் பூட்டைத் திறந்துவிடுகிறது. ஆனால் திறந்து எடுத்த சத்தைத் தன் உடம்புக்குள் வைத்துக்கொள்ளும். அங்கிருந்து அதை வெளியே கொண்டுவர ஒரு ஆள் வேண்டும். அந்த வேலையைச் செய்பவை பூஞ்சாணத்தை மேய்கிற சிறு உயிர்கள். அவற்றில் மரவட்டை முக்கியமான ஒன்று.

சருகு தின்னும் சாதாரண மரவட்டைகூட வெறும் சருகை நம்பிப் பிழைப்பதில்லை. புதிதாக விழுந்த இலையை அது பெரும்பாலும் விரும்பாது. சில வாரம் ஈரத்தில் ஊறி, பூஞ்சாணமும் பாக்டீரியாவும் ஏறிய பிறகுதான் வாயை வைக்கும். வாழை இலையில் சோறு போட்டால் சோற்றைத் தின்றுவிட்டு இலையை எறிகிறோம். மரவட்டை இலையையும் சேர்த்தே விழுங்குகிறது. ஆனால் அதற்குச் சத்தில் பெரும் பங்கு அந்த இலை மேல் பரிமாறியிருக்கும் பூஞ்சாணத்திலிருந்துதான் கிடைக்கிறது. பல இனங்கள் இப்படி இலையும் பூஞ்சாணமும் கலந்து தின்பவை. ஒரு சில கூட்டங்கள் மட்டும் இலையை விட்டுவிட்டுப் பூஞ்சாணத்தையே நம்பி வாழ்கின்றன.

பூஞ்சாணமே சோறு

அமெரிக்காவின் கிழக்குப் பக்கம் அப்பலாச்சியன் என்று ஒரு மலைத்தொடர் இருக்கிறது. நம் மேற்குத் தொடர்ச்சி மலை மாதிரி, பழமையான, மழை நிறைந்த காட்டு மலை. அங்கே விழுந்து மட்கிக்கொண்டிருக்கும் மரக்கட்டைக்கு அடியில் பிராக்கிசைப் லெகான்டி என்ற மரவட்டை வாழ்கிறது. தட்டையான உடம்பு, இளஞ்சிவப்பு நிறம், இரண்டு மூன்று சென்டிமீட்டர் நீளம்.

இது தனியாக இருப்பதில்லை. குஞ்சு, குட்டி, பெரியது என்று ஒரே கட்டைக்கு அடியில் பெருங்கூட்டமாக இருக்கும். பூஞ்சாணம் படர்ந்த இடத்தில் தலைகளை உள்பக்கம் சேர்த்து, உடம்பை வெளிப்பக்கம் நீட்டி, வட்டமாக நின்று மேயும். மேலிருந்து பார்த்தால் பூ விரிந்த மாதிரி, நட்சத்திரக் கோலம் மாதிரி இருக்கும். பந்தியில் இடம் பிடிக்கிற சண்டை எதுவும் கிடையாது.

மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் மாட் காசன் என்பவரின் குழு இந்த மரவட்டையோடு சேர்ந்திருக்கும் பூஞ்சாணங்களைப் பல காடுகளில் இருந்து சேகரித்துக் கணக்கெடுத்தது. 2019-இல் அந்த ஆய்வு வெளியானது. ஒன்றிரண்டு பூஞ்சாணம் அல்ல, நூற்றுக்கும் மேற்பட்ட பேரினங்கள் அந்தப் பட்டியலில் வந்தன. மரத்தை மட்கவைப்பவை, மண்ணில் வாழ்பவை, பூச்சியைக் கொல்பவை என்று எல்லா ரகமும் இருந்தன. ஒரு மட்கும் கட்டைக்குள் எத்தனை குடித்தனம் நடக்கிறது என்பதற்கு இந்த மரவட்டையே சாட்சி.

இதன் குடும்ப வாழ்க்கையில் ஒரு வேடிக்கை உண்டு. முட்டையைக் காப்பது அப்பன். பெண் முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். ஆண் அந்த முட்டைக் குவியலைத் தன் உடம்பால் சுற்றி வளைத்துக்கொண்டு, குஞ்சு பொரியும் வரை அசையாமல் காவல் இருக்கும். ஏன் காவல்? கட்டைக்கு அடியில் ஈரம் நிறைய. காப்பாரற்றுக் கிடக்கும் முட்டையைப் பூஞ்சாணம் பிடித்துவிடும். பூஞ்சாணத்தைத் தின்று வாழ்கிற உயிரின் முட்டையைத் தின்னப் பூஞ்சாணமே காத்திருக்கிறது! காட்டில் யாரும் யாருக்கும் நிரந்தர முதலாளி இல்லை.

இந்தக் கூட்டத்து மரவட்டைகளுக்குத் தலை சிறியது. சருகைக் கடித்து அரைக்கிற பெரிய தாடை இவற்றுக்குக் கிடையாது. சில இனங்களுக்கு வாய் அலகு மாதிரிக் கூம்பிப் போயிருக்கும். 2022-இல் ஜெர்மனி நாட்டின் பான் நகர ஆய்வாளர்கள், நுண்ணிய எக்ஸ்ரே படம் எடுத்து இவற்றின் தலைக்குள் பார்த்தார்கள். உள்ளே உறிஞ்சுகிற ஒரு பம்ப் இருந்தது. கொசுவும் வண்ணத்துப்பூச்சியும் உறிஞ்சிக் குடிப்பது நமக்குத் தெரியும். மரவட்டையிலும் அந்த ஏற்பாடு உண்டு என்பது அப்போதுதான் தெளிவானது.

மேய்ந்தால் பூஞ்சாணம் அழிந்துவிடாதா?

மட்கவைக்கிற பூஞ்சாணத்தைத் தின்றுவிட்டால் மட்குவது நின்றுவிடாதா என்று கேட்கலாம். எனக்கும் இந்தச் சந்தேகம் வந்தது. விடை நம் வரப்பிலேயே இருக்கிறது. அளவாக மேய்ந்த புல் மறுபடி துளிர்க்கும். மேயாத புல் முற்றிப்போகும். ஒரேயடியாக மொட்டையடித்தால் கருகிவிடும். பூஞ்சாணமும் இப்படித்தான். அளவான மேய்ச்சலில் இழைகள் புதிதாகக் கிளைக்கும். மேய்ச்சல் மிஞ்சினால் பூஞ்சாணம் பின்வாங்கும்.

பிரிட்டனில் கார்டிஃப் பல்கலைக்கழகத்தில் லின் பாடி, டாம் குரோதர் ஆகியோர் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். மண் நிரப்பிய தட்டுகளில் மரம் மட்கவைக்கும் பூஞ்சாணங்களைப் படரவிட்டு, பலவகைப் பூச்சிகளை மேயவிட்டார்கள். எள்ளைவிடச் சிறிய துள்ளும் பூச்சிகளைவிட, மரவட்டை மாதிரிப் பெரிய மேய்ச்சல்காரர்கள் பூஞ்சாணத்தின் வளர்ச்சியை அதிகம் மாற்றினார்கள். எல்லாப் பூஞ்சாணத்திலும் ஒரே மாதிரியான விளைவும் வரவில்லை.

கல்லுக்கடியில் கிடக்கும் சாம்பல் நிற மரப்பேனை வைத்துச் செய்த சோதனையில் இன்னொன்று தெரிந்தது. வலுத்த பூஞ்சாணத்தை அது அதிகம் மேய்ந்ததால், நசுங்கிப்போக வேண்டிய இளைத்த பூஞ்சாணத்துக்கும் இடம் கிடைத்தது. அதாவது மேய்ச்சல் இருந்தால் ஒரே பூஞ்சாணம் மொத்த இடத்தையும் வளைத்துப்போட முடியாது. பல வகை பிழைத்திருக்கும். பல வகை இருந்தால், ஒன்று உடைக்காததை இன்னொன்று உடைக்கும்.

இதோடு மரவட்டை செய்யும் மற்ற வேலைகளையும் சேர்த்துப் பாருங்கள்.

ஒன்று, அரைவை. சருகு தின்னும் இனங்கள் இலையைப் பொடியாக்கிப் புழுக்கை புழுக்கையாகப் போடுகின்றன. முழு இலையைவிடப் பொடித்த இலையில் நுண்ணுயிர் ஒட்டுவதற்குப் பரப்பு பல மடங்கு அதிகம். புழுக்கை ஈரத்தையும் பிடித்து வைக்கும். நான் அந்த இரண்டு வரிசையில் அள்ளிய கடுகு மண் பெரும்பாலும் இந்தப் புழுக்கைதான்.

இரண்டு, விதைப்பு. பூஞ்சாண வித்துகள் மரவட்டையின் உடம்பில் ஒட்டியும், சில குடல் வழியாகச் சாகாமலும், அடுத்த கட்டைக்கும் அடுத்த சருகுக்கும் போய்ச் சேருகின்றன. ஆடு மேய்ந்த இடத்தில் கருவேலம் முளைக்கிற கதைதான்.

மூன்று, சுண்ணாம்புச்சத்து. பெரும்பாலான மரவட்டைகளின் ஓடு சுண்ணாம்புச்சத்தால் இறுகியது. இலையிலும் பூஞ்சாணத்திலும் இருந்து சேர்த்த சத்து அது. தோலுரிக்கும்போது உரித்ததையே பல சமயம் தின்றுவிடும், வீணாக்காது. செத்தால் மண்ணுக்கு வந்துவிடும்.

நான்கு, தழைச்சத்து. பூஞ்சாணத்தின் உடம்பில் பூட்டிக் கிடந்த தழைச்சத்து, மேய்ந்த பிறகு கழிவாக வெளியே வருகிறது. வேருக்கு எட்டுகிற வடிவத்துக்கு மாறுகிறது. பூட்டைத் திறப்பது பூஞ்சாணம், பணத்தைப் பட்டுவாடா செய்வது மரவட்டை.

ரயிலை நிறுத்திய ரயில் பூச்சி

நாம் ரயில் பூச்சி என்கிறோம், பெட்டி பெட்டியாகக் கோத்த மாதிரி ஊர்வதால். ஜப்பான்காரர்களும் ஒரு இனத்துக்கு ரயில் மரவட்டை என்றுதான் பேர் வைத்திருக்கிறார்கள். காரணம் வேறு. அது ரயிலையே நிறுத்தியிருக்கிறது! நடு ஜப்பானின் மலைக்காடுகளில் சில வருஷங்களில் லட்சக்கணக்கில் வெளியே வந்து தண்டவாளத்தை மூடிவிடும். நசுங்கிய உடம்பில் சக்கரம் வழுக்கி ரயில் நகராது. 1920-இலேயே இப்படி நடந்ததாகப் பதிவு இருக்கிறது.

கெய்கோ நீஜிமா என்ற ஆய்வாளர் 1972-இல் இருந்து இதைத் தொடர்ந்து கவனித்து, தன் கூட்டாளிகளோடு 2021-இல் முடிவை வெளியிட்டார். எட்டு வருஷத்துக்கு ஒரு முறை வருகிற உயிர்ச்சுழற்சி அது. ஏழு வருஷம் மண்ணுக்குள் இருந்து மண்ணைத் தின்று, வருஷத்துக்கு ஒரு முறை தோலுரித்து வளர்ந்து, எட்டாவது வருஷம் வெளியே வந்து சருகைத் தின்று, முட்டையிட்டுச் சாகும். ரயில்வேக்குத் தொல்லைதான். காட்டுக்கோ, எட்டு வருஷமாக மண் உழுது, கடைசியில் சருகை அரைத்து, தன் உடம்பையும் உரமாகக் கொடுத்துவிட்டுப் போகிற கூட்டம். ஒரு தடவை மருந்தடித்தால் எத்தனை வருஷ வளர்ச்சி போகும் என்று இதை வைத்தே கணக்குப் போடலாம். மரவட்டை கொசு மாதிரி வாரத்தில் பெருகுவதில்லை. பல இனங்கள் முழு வளர்ச்சி அடையவே ஒன்றிரண்டு வருஷம் எடுக்கும்.

நம் மலையிலும் நடந்த ஆய்வு

மேற்குத் தொடர்ச்சி மலையில் ஒரு வகை உருண்டை மரவட்டை உண்டு. தொட்டால் கோலிக்குண்டு மாதிரி முழுசாய்ச் சுருண்டுகொள்ளும். ஆர்த்ரோஸ்பேரா என்பது அதன் அறிவியல் பேர். விஷத் திரவம் இதற்குக் கிடையாது. உருண்டுகொள்வது ஒன்றே பாதுகாப்பு. இதன் உறவுக்காரர்கள் மடகாஸ்கரிலும் தென்னாப்பிரிக்காவிலும் இருக்கிறார்கள். அந்த நிலமெல்லாம் ஒரு காலத்தில் நம்மோடு ஒட்டியிருந்ததற்கு இதுவும் ஒரு தடயம்.

கர்நாடகத்தில், மங்களூர் பல்கலைக்கழகத்தின் ஸ்ரீதர், அஸ்வினி ஆகியோர் இந்த உருண்டை மரவட்டையைக் காட்டிலும் கலப்புத் தோட்டத்திலும் வைத்து ஆராய்ந்தார்கள். இயற்கை விவசாயத்துக்கு இந்த மரவட்டை எப்படி உதவும் என்று 2002-லேயே எழுதினார்கள். மழைக்காலத்தில்தான் இதன் நடமாட்டம். தோட்டக் கழிவுகளைத் தின்னக் கொடுத்து, அது போட்ட புழுக்கையின் உரத்தரத்தையும் பிறகு சோதித்துப் பார்த்தார்கள்.

பிரேசில் நாட்டில் இன்னும் ஒரு படி மேலே போய்விட்டார்கள். அந்த நாட்டு அரசின் வேளாண் ஆராய்ச்சி நிறுவனமான எம்ப்ராப்பா, மண்புழு உரம் மாதிரி மரவட்டை உரம் தயாரிக்கும் முறையை விவசாயிகளுக்குக் கற்றுக்கொடுக்கிறது. சருகு, புல், அட்டைப்பெட்டி என்று மண்புழு திணறுகிற காய்ந்த கழிவை மரவட்டை அரைத்துத் தருகிறது. சாணம் தேவையில்லை. சில மாதத்தில் கிடைக்கும் அந்த உரத்தை நாற்றுத் தட்டுகளில் பயன்படுத்துகிறார்கள். அங்கே வேலை செய்யும் சிவப்பு மரவட்டை எது தெரியுமா? நம் ஆசியப் பகுதியிலிருந்து கப்பலேறிப் போன இனம். நான் குருணை போட்டுக் கொன்றவற்றில் சிவப்பாய் இருந்தவை அந்தச் சாதிதான். அங்கே அதற்குத் தொட்டி கட்டி வளர்க்கிறார்கள்.

தோட்டத்தில் என்ன செய்யலாம்?

முதலில் நியாயமாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். மரவட்டை பயிரைத் தொடவே தொடாது என்று நான் சொல்ல மாட்டேன். அதன் வாய் மென்மையானதைத் தேடும். தின்ன மட்கு இல்லாத நிலத்தில், முளைவிடும் விதை, இளம் நாற்று, மண்ணைத் தொடும் பழம், ஏற்கெனவே அழுகிய கிழங்கு ஆகியவற்றில் வாய் வைக்கும். ஐரோப்பாவில் உருளைக்கிழங்கில் துளை போடும் இனமும் உண்டு. ஆனால் வளர்ந்த தென்னையின் வேரைத் தின்று மரத்தைச் சாய்த்துவிடும் என்பது வீண் பயம். நான் கடைப்பிடிக்கிற முறைகள் இவை:

• நாற்றின் தண்டை ஒட்டி மூடாக்கு போடுவதில்லை. ஒரு சாண் இடைவெளி விடுகிறேன். செடி வலுத்த பிறகு நெருக்குகிறேன்.

• விதை முளைக்கும் பாத்திகளில் முதல் இரண்டு வாரம் மூடாக்கு கிடையாது. பக்கத்தில் ஈரச் சருகை ஒரு குவியலாகப் போட்டுவைத்தால் மரவட்டை அங்கே போய்ச் சேர்ந்துகொள்ளும். பிறகு அந்தக் குவியலை அப்படியே அள்ளி மரத்தடிக்குக் கொண்டுபோகலாம்.

• பூசணி, தர்பூசணிக் காய்களுக்குக் கீழே காய்ந்த ஓலைத் துண்டு வைத்தால் போதும்.

• விழுந்த மட்டையையும் பட்டுப்போன கிளையையும் எரிப்பதில்லை. தோட்டத்தின் நிழல் மூலையில் நாலைந்து தடித்த கட்டைகளைப் போட்டு மட்கவிட்டிருக்கிறேன். அதுதான் பூஞ்சாணத்துக்கும் மரவட்டைக்கும் கோடையில் தங்கும் வீடு. சருகை மட்டும் விட்டுக் கட்டையை எடுத்துவிட்டால் பாதி வேலைதான் நடக்கும்.

• குருணை மருந்து இல்லை. பூஞ்சாணக்கொல்லியும் இல்லை. இயற்கை வழி என்று நாம் நினைக்கும் போர்டோ கலவையிலும் ஜாக்கிரதை வேண்டும். அதில் இருப்பது தாமிரம். மண்ணில் சேர்ந்துகொண்டே போகும், கரைந்து மறையாது. குருத்தழுகலுக்குப் போட்டே ஆக வேண்டுமென்றால் நோய் கண்ட இடத்துக்கு மட்டும் போடலாம். சருகு மேல் கொட்டக் கூடாது.

• மூடாக்கை அடிக்கடி கிளறிப் பார்க்கும் ஆசையை அடக்க வேண்டும். முட்டையும் தோலுரிக்கும் குட்டியும் உள்ளே இருக்கும். தோலுரித்த நேரத்தில் மரவட்டையின் உடம்பு வெண்ணெய் மாதிரி இருக்கும், விரல் பட்டாலே போய்விடும்.

• மழைக்கு வீட்டுக்குள் வந்தால் துடைப்பத்தால் முறத்தில் தள்ளி மரத்தடியில் கொட்டுங்கள். நாலு நாள் வெயில் அடித்தால் தானே போய்விடும். ஈரம் இல்லாமல் அதால் வீட்டுக்குள் பிழைக்க முடியாது.

கணக்கில் வராத கூலியாள்

குருணை தூவிய அந்த வரிசைகள் தேற எனக்கு மூன்று மழைக்காலம் ஆனது. மருந்து படாத இரண்டு வரிசையிலிருந்து மட்கும் சருகைப் பூச்சியோடும் வெள்ளை இழையோடும் கூடையில் அள்ளி, வரிசைக்கு நாலு இடத்தில் வைத்தேன். முதல் வருஷம் பெரிய மாற்றம் இல்லை. இரண்டாம் வருஷம் ஓலைக்கு அடியில் வெள்ளை இழை படர்ந்தது. மூன்றாம் வருஷம் சாரலில் சிவப்பு ரயில்கள் ஓடின. எனக்குக் குருணை போடச் சொன்னவரே வந்து பார்த்துவிட்டு, "மண்ணு பொதுபொதுன்னு இருக்கே அண்ணாச்சி" என்று ஒரு கூடை சருகு கேட்டு வாங்கிப் போனார். அவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை. தூவிய கை என் கைதான்.

அதற்கும் முந்தைய கணக்கு ஒன்று என் மனசில் இருக்கிறது. வேலையில் இருந்த காலத்தில் எத்தனையோ பயிர்க்கடன் மனுவில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ஏக்கருக்கு உரம் இவ்வளவு, பூச்சிமருந்து இவ்வளவு, கூலி இவ்வளவு என்று வரி வரியாக இருக்கும். சருகுக்கு என்று ஒரு வரி இருந்ததில்லை. சருகை அரைக்கிற பூச்சிக்குக் கூலி என்று யாரும் எழுதிக் கேட்டதும் இல்லை. கேட்டிருந்தால் நானே சிரித்திருப்பேன்.

இந்த மழைக்கு உங்கள் மூடாக்கில் ரயில் பூச்சி வந்தால் பயப்படாதீர்கள். கொஞ்சம் சருகை விலக்கிப் பாருங்கள். வெள்ளை இழையும் பூச்சியும் சேர்ந்து இருந்தால், உங்கள் மண்ணில் காட்டு வேலை ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். விலக்கிய சருகைத் திரும்ப மூடிவிட்டு வந்துவிடுங்கள்.